எவர்டன் வீடு மாறிய கதை

மலேசியாவில் எவர்டன் ரசிகராக இருப்பது கொஞ்சம் தனிமையான காரியம். மாமாக் கடையில் பெரிய திரை போட்டு ஆட்டம் பார்க்கும் கூட்டத்தில் லிவர்பூல் சட்டை இருக்கும், மான்செஸ்டர் யுனைடெட் சட்டை இருக்கும், இப்போதெல்லாம் ஆர்சனலும் சிட்டியும் நிறைய. நீலச் சட்டைக்காரர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தால் அவர் செல்சி ரசிகர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். என் அப்பா ஐம்பது வருடமாக எவர்டன். அதனால் நானும் எவர்டன். ஜாதகம் மாதிரி, கூடவே பிறந்தது; மாற்ற முடியாது.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1974இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய ஆட்கள் அந்த இடத்தை இன்னும் 'போர்ட் சுவெட்டன்ஹம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அப்போது வந்துபோன கப்பல்களில் புளூ ஃபனல் நிறுவனத்தின் கப்பல்கள் தூரத்திலிருந்தே தெரியும். உயரமான நீலப் புகைபோக்கி. கிரேக்கக் காவியங்களில் வரும் பெயர்கள். பின்பக்கத்தில் பதிவுத் துறைமுகமாக 'லிவர்பூல்' என்று எழுதியிருக்கும். ஒருநாள் அப்பா, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு மாலுமியிடம் "நீங்கள் லிவர்பூல் குழுவா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் புகைபோக்கியைக் கைகாட்டி, எங்கள் ஊரில் இரண்டு குழுக்கள் இருக்கின்றன, இந்த நிறம்தான் என்னுடையது என்றாராம். அன்று பிடித்த பிடி. 1984, 1985, 1987 ஆண்டுகளில் எவர்டன் கிண்ணங்களை அள்ளியபோது துறைமுகத்தில் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை என்று அம்மா சொல்வார். 1995இல் பால் ரைட்அவுட் தலையால் அடித்த ஒரே கோலில் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்தி எஃப்ஏ கிண்ணம் வாங்கியதுதான் கடைசி. அதற்குப் பிறகு அந்த அலமாரிக்குப் பெரிய கிண்ணம் எதுவும் வரவில்லை.

கிண்ணம் வராத இந்த முப்பது வருடத்தில் எங்கள் வீட்டில் எவர்டனைப் பற்றிப் பேச இருந்தது ஒரே விஷயம்தான்: புது அரங்கம் வருமா, வராதா?

நான் கட்டுமானத் துறையில் குவாண்டிட்டி சர்வேயராக இருக்கிறேன். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு செலவாகும், அந்தச் செலவு எங்கே கைமீறும் என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். அதனால் மற்றவர்கள் கோல் கணக்குப் பார்க்கும்போது நான் இந்த அரங்கத்தின் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காற்பந்துக் குழு இடம் தேடிப் பணம் புரட்டி அரங்கம் கட்டுவது எவ்வளவு சிக்கலான வேலை என்பதற்கு எவர்டனைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் ருசி. இன்று லிவர்பூல் குழு ஆடும் ஆன்ஃபீல்டு திடல், முதலில் எவர்டனுடையது. அங்கே வாடகைக்கு இருந்தார்கள். நிலத்தின் பின்னணியில் இருந்தவர் ஜான் ஹௌல்டிங் என்ற மதுபான ஆலை உரிமையாளர். குழுவின் தலைவரும் அவரே. வாடகையிலும் நிர்வாகத்திலும் தகராறு முற்றி, 1892இல் எவர்டன் மூட்டை கட்டிக்கொண்டு பூங்காவுக்கு அந்தப் பக்கம் கூடிசன் பார்க்கில் சொந்தத் திடல் அமைத்தது. கையில் காலித் திடலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹௌல்டிங் புதிதாக ஒரு குழுவைத் தொடங்கினார். அதுதான் லிவர்பூல். ஆக, லிவர்பூல் குழு பிறந்ததே எவர்டன் வீடு மாறியதால்தான். லிவர்பூல் ரசிகனான என் தம்பிக்கு அப்பா இந்தக் கதையை வருடத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். "உங்க குழுவே நாங்க காலி பண்ணிட்டுப் போன வீட்டுல குடிவந்ததுதான்டா."

கூடிசன் பார்க் அந்தக் காலத்துக்கு அதிசயம். இங்கிலாந்தில் காற்பந்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய முதல் பெரிய அரங்கங்களில் ஒன்று. 1966 உலகக் கிண்ணத்தில் வட கொரியாவிடம் மூன்று கோல் பின்தங்கியிருந்த போர்ச்சுகலை யூசேபியோ நான்கு கோல் அடித்து மீட்ட ஆட்டம் இங்கேதான் நடந்தது. அரங்கத்தின் ஒரு மூலையில் செயின்ட் லூக் தேவாலயம் ஒட்டிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் வரிசை வீடுகள். வீட்டு வாசலில் இறங்கினால் டிக்கெட் கதவு. அழகுதான். ஆனால் அந்த அழகே முட்டுக்கட்டை ஆயிற்று. நான்கு பக்கமும் வீடு, சாலை, தேவாலயம், பள்ளிக்கூடம் என்றால் எந்தப் பக்கம் விரிவாக்குவது? பழைய கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையை மறைக்கும். பாதி கோலைத் தூணுக்கு இந்தப் பக்கமும் மீதியை அந்தப் பக்கமும் பார்க்க வேண்டியதுதான். ஏறக்குறைய 39,000 பேர் உட்காரலாம், ஆனால் பணம் கொடுக்கும் நிறுவனங்களுக்கான தனி அறைகளும் விருந்துக் கூடங்களும் மிகக் குறைவு. ஆட்ட நாள் வருமானம் வருடத்துக்கு ஏறத்தாழ 20 மில்லியன் பவுண்டு. புது அரங்கம் கட்டிய டோட்டன்ஹாம் 100 மில்லியனுக்கு மேல் பார்க்கிறது. இந்த இடைவெளியை எத்தனை ஆட்டக்காரர்களை விற்று அடைப்பது?

1990களின் பிற்பகுதியிலேயே இடம் மாறும் பேச்சு தொடங்கிவிட்டது. முதலில் வந்த பெரிய கனவு கிங்ஸ் டாக். நகர மையத்தில், ஆற்றங்கரையில், 55,000 இருக்கையோடு, கூரை மூடித் திறக்கும் அரங்கம். இடம் தயார், திட்டம் தயார், அரசுப் பணமும் சேரும் நிலை. எவர்டன் தன் பங்காகப் போட வேண்டியது 30 மில்லியன் பவுண்டுதான். அதைப் புரட்ட முடியவில்லை. 2003இல் திட்டம் செத்தது. இன்று அந்த இடத்தில் இசை நிகழ்ச்சி நடக்கும் வேறொரு அரங்கம் நிற்கிறது. என் பார்வையில் எவர்டனின் இத்தனை வருடக் கஷ்டத்துக்கும் வேர் அந்த 30 மில்லியன். பின்னால் செலவழித்ததோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அலுவலகத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, முன்பணம் திரட்டுவதில் தவறினால் என்ன ஆகும் என்று விளக்க நான் இதைத்தான் உதாரணம் சொல்வேன்.

அடுத்து 2006இல் கெர்க்பி. டெஸ்கோ பேரங்காடியோடு சேர்ந்து ஒரு திட்டம். அங்காடியின் லாபத்தில் அரங்கத்துக்கு ஒரு பகுதி வரும் என்பது கணக்கு. கணக்கு மோசமில்லை, இடம்தான் பிரச்சினை. கெர்க்பி லிவர்பூல் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. நகரத்தின் பெயரைத் தாங்கும் எதிரணி உள்ளே இருக்க, நாங்கள் வெளியே போவதா என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 2007இல் வாக்கெடுப்பு வைத்தபோது 59 விழுக்காட்டினர் சரி என்றார்கள். மீதி 41 விழுக்காடு சும்மா இருக்குமா? குழு நகரத்திலேயே இருக்க வேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். விஷயம் பொது விசாரணைக்குப் போய், 2009 நவம்பரில் அரசாங்கம் திட்டத்தை நிராகரித்தது. அப்பா அப்போது நிராகரிப்பின் பக்கம். "கிள்ளான் குழுவைக் கொண்டுபோய் ரவாங்ல ஆடச் சொன்னா ஆடுவாங்களா?" என்பது அவர் வாதம்.

2014இல் வால்டன் ஹால் பூங்கா. கூடிசனுக்குப் பக்கம், ஆனால் மக்கள் நடக்கிற, பிள்ளைகள் விளையாடுகிற பொதுப் பூங்கா. அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், பணத்துக்கும் வழி தெளிவாகவில்லை. 2016இல் கைவிட்டார்கள். அந்த ஆண்டுதான் பர்ஹாட் மொஷிரி என்ற செல்வந்தர் குழுவின் பங்குகளை வாங்கி உள்ளே வந்தார். பணம் வந்துவிட்டது, இனி என்ன என்று உலகமெங்கும் எவர்டன் ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டுச் சோபாவிலும் ஒருவர் நிமிர்ந்தார்.

2017இல் தேர்வான இடம் பிராம்லி-மூர் டாக். மெர்சி ஆற்றங்கரையில் 1848இல் திறந்த கப்பல்துறை. ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளர் கருங்கல்லில் கட்டியது. அப்பாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். தன் குழு கப்பல்துறையில் குடியேறப் போகிறது! "நம்ம புளூ ஃபனல் கப்பலெல்லாம் அங்கதான் கட்டியிருப்பாங்க, இல்ல?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். அந்தத் துறை பெரும்பாலும் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பயன்பட்டது. சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நிலக்கரி இல்லாம கப்பல் எப்படிம்மா ஓடும்?" என்றார்.

ஆனால் தண்ணீர் நிரம்பிய துறையில் எப்படி அரங்கம் கட்டுவது? மூடித்தான் ஆக வேண்டும். லிவர்பூலின் துறைமுகப் பகுதி 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் பெற்ற அதே அங்கீகாரம். பழைய துறையை மணல் போட்டு மூடக்கூடாது என்று பாரம்பரியப் பாதுகாவலர்கள் எதிர்த்தார்கள். வட லிவர்பூல் இங்கிலாந்தின் ஏழ்மையான பகுதிகளில் ஒன்று, பல்லாண்டாகப் பாழாய்க் கிடக்கும் இடத்துக்கு வேலையும் ஆட்களும் வரட்டுமே என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். 2021 பிப்ரவரியில் நகர மன்றம் அனுமதி தந்தது. ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஆற்றங்கரையில் நடந்த மற்ற மேம்பாடுகளும் காரணம். ஆனால் இந்த அரங்கமும் அந்தக் குற்றப்பட்டியலில் இருந்தது. உலகத்தில் அப்படி நீக்கப்பட்ட மூன்றாவது தலம் அது.

இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், கட்டும் பக்கம். பினாங்குக்குப் போகும்போதெல்லாம் பழைய கடைவீடுகளைப் பார்த்து நெகிழ்கிறவள்தான். ஆனாலும் வேலி போட்டுப் பூட்டி வைத்த, உள்ளூர் மக்கள் கால் வைக்காத ஒரு துறையை யாருக்காகக் காப்பாற்றுவது? செய்தவர்களும் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. துறையிலிருந்த மீன்களைப் பிடித்து வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஐரிஷ் கடலிலிருந்து தோண்டிய மணலை, கடல்நீரோடு குழம்பாகக் கலந்து குழாய் வழியே இறைத்தார்கள். ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர். ஹார்ட்லியின் கல் சுவர்கள் இடிக்கப்படாமல் மணலுக்கு உள்ளேயே இருக்கின்றன. பழைய நீர்விசை இயந்திரக் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். கப்பல் கட்டும் தூண்களும் ரயில் தண்டவாளமும் வெளி முற்றத்தில் இருக்கின்றன. படங்களில் அந்தத் தூண்களைத்தான் அப்பா பெரிதாக்கிப் பார்ப்பார். ஆட்டத் திடலை அப்புறம்தான்.

2021 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது.

அந்த வெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஷா ஆலம், கிள்ளான் எல்லாம் மூழ்கிய அந்த வார இறுதி. கிள்ளானில் எங்கள் தாமானில் இடுப்பளவு. குளிர்பதனப் பெட்டி மிதந்தது. அப்பாவும் அம்மாவும் மாடியில் இரண்டு இரவு இருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இந்த வீட்டுல இனிமே நான் இருக்க மாட்டேன்." அப்பா எதுவும் சொல்லவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று தொடங்கிய வாக்குவாதம் மூன்றரை வருடம் நடந்தது. சுவர் பூச்சு, மின்கம்பி, கதவுகள், தளவாடம் எல்லாம் சேர்த்துப் பழுதுபார்க்கும் செலவைக் கணக்கிட்டு, இன்னொரு வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு வரிசையும் போட்டு, அப்பாவின் முன் வைத்தேன். அடுக்குமாடி ஒன்று வாங்கலாம், மேல் மாடியாகப் பார்க்கலாம், மாதத் தவணையில் பாதியை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எவர்டன் வீடு மாற முப்பது வருஷம் யோசிச்சாங்க. எனக்கு மூணு வருஷம் குடு."

கூடிசனை விட்டுப் போக வேண்டும் என்று அத்தனை உறுதியாகப் பேசியவர், தன் வீட்டு விஷயத்தில் அசையவே இல்லை. அம்மா இதைச் சொல்லிக்காட்டினால், "அது குழு, இது குடும்பம்" என்பார். என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் வராது.

அந்தப் பக்கம் எவர்டனின் கதை மோசமாகிக்கொண்டிருந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு பதில் இருந்தது, ஒவ்வொன்றும் கழன்றது. 2018இல் நகர மன்றமே 280 மில்லியன் பவுண்டு கடன் வாங்கிக் குழுவுக்குக் கொடுத்து வட்டியில் லாபம் பார்க்கும் யோசனை இருந்தது, நடக்கவில்லை. ஏழை நகரம் ஒன்று காற்பந்துக் குழுவுக்குக் கடன்காரன் ஆகாமல் தப்பியது நல்லது என்றுதான் நினைக்கிறேன். ரஷ்யச் செல்வந்தர் அலிஷர் உஸ்மானோவின் நிறுவனம், அரங்கத்துக்குப் பெயர் வைக்கும் வாய்ப்புக்காக மட்டுமே 2020இல் 30 மில்லியன் பவுண்டு கொடுத்தது. கிங்ஸ் டாக்கில் குறைந்த அதே தொகை! 2022இல் உக்ரேன் போர் வந்தது. உஸ்மானோவ் மீது தடை வந்தது. அந்த உறவு அறுந்தது. அரங்கமோ பாதி எழும்பி நிற்கிறது. கொவிட்டுக்குப் பிறகு இரும்பும் சிமெண்டும் என்ன விலை விற்றன என்று எங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 500 மில்லியன் பவுண்டு என்று தொடங்கிய மதிப்பீடு 750 மில்லியனுக்கு மேல் போனதாகச் செய்திகள் வந்தன. ஒரு பவுண்டுக்கு ஐந்தரை, ஆறு வெள்ளி என்று போட்டுப் பாருங்கள்.

இடையில் குழு முதல் பிரிவிலிருந்து இறங்கிவிடும் நிலை. 2023 மே 28, பருவத்தின் கடைசி நாள், போர்ன்மத்துடன் ஆட்டம். நம் நேரம் இரவு 11.30க்குத் தொடங்கியது. தோற்று இறங்கியிருந்தால் தொலைக்காட்சிப் பணம் பெரிதாகக் குறைந்திருக்கும். பாதி கட்டிய அரங்கத்துக்கு அடுத்த தவணை யார் கொடுப்பது? அப்துலாயே டூக்குரே அடித்த ஒரு கோல் காப்பாற்றியது. விளையாட்டில் ஒரு கோலின் விலை என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கோலைத்தான் காட்டுவேன். அப்பா அன்று எழுந்து குதிக்கவில்லை. இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

அதோடு முடிந்ததா? நிதி விதிகளை மீறியதாக 2023 நவம்பரில் 10 புள்ளிகள் பறிப்பு. மேல்முறையீட்டில் 6 ஆனது. அடுத்த ஏப்ரலில் இன்னொரு 2. மூன்று ஆண்டுகளில் அனுமதித்த நட்டம் 105 மில்லியன் பவுண்டு. எவர்டனின் நட்டம் 124.5 மில்லியன். அரங்கத்துக்காக வாங்கிய கடனின் வட்டியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதும் அந்த வழக்கின் ஒரு பகுதி. வீட்டுக் கடன் கட்டுகிறோம் என்பதற்காக வேலையிடத்தில் தண்டனை வாங்கிய மாதிரி என்று அப்பா புலம்பினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நட்டத்தின் பெரும்பகுதி ஆட்டக்காரர்களை வாங்குவதில் வாரி இறைத்த பணம். கல்லுக்கும் கம்பிக்கும் போனதைக் குறை சொல்லக் கூடாது.

அந்தத் தளத்தில் 2023 ஆகஸ்டில் 26 வயதுத் தொழிலாளி ஒருவர் வேலையின்போது அடிபட்டு இறந்தார். எவர்டன் ரசிகர். புள்ளிப் பறிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இந்தச் செய்தி இரண்டு நாளில் ஓரத்துக்குப் போயிற்று. கட்டுமானத் தளங்களுக்குப் போய்வருகிற எனக்கு அந்த அரங்கத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. தான் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடத்தைத் தானே கட்டிக்கொண்டிருந்தவர்.

மொஷிரி விற்க முயன்றார். 777 பார்ட்னர்ஸ் என்ற மியாமி நிறுவனம் வாங்குவதாக 2023 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டு, செலவுக்குக் கடனும் கொடுத்து, கடைசியில் தானே நிதிச் சிக்கலில் மாட்டியது. 2024 மே இறுதியில் ஒப்பந்தம் காலாவதி. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஃபிரீட்கின் குழுமம் வாங்கி முடித்தது. வந்த சில மாதங்களில் அதிக வட்டிக் கடன்களைத் தள்ளிவிட்டு, அரங்கத்தின் பேரில் 350 மில்லியன் பவுண்டு நீண்டகாலக் கடனாக மாற்றினார்கள். செய்தியில் இரண்டு பத்தி வந்த விஷயம். என்னைக் கேட்டால் டூக்குரேயின் கோலுக்கு அடுத்து எவர்டனைக் காப்பாற்றியது இதுதான்.

2025 மே 18, கூடிசனில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். சவுத்ஹாம்டனை 2-0 என்று வென்றார்கள், இரண்டும் இலிமான் நிடியாய் அடித்தவை. நம் நேரம் ஞாயிறு இரவு 7 மணி என்பதால் குடும்பமே கூடியிருந்தது. ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை, அங்கேயும் இங்கேயும். அந்தத் திடலை இடித்து வீடு கட்டுவார்கள் என்று அப்பா நம்பியிருந்தார். சில நாள் முன்புதான் செய்தி வந்திருந்தது: இடிக்கவில்லை, எவர்டன் பெண்கள் அணிக்கு அதுவே சொந்தத் திடலாகப் போகிறது. எதிரே இருக்கும் வின்ஸ்லோ மதுக்கூடத்துக்கும் சுற்றியுள்ள கடைகளுக்கும் ஆட்ட நாள் வியாபாரம் முழுசாகப் போய்விடாது. நல்ல முடிவு. இவ்வளவு தடுமாறிய ஒரு குழுவிடம் நான் எதிர்பார்க்காத முடிவும்கூட.

மறுவாரம் அப்பா தொலைபேசியில் அழைத்தார். அடுக்குமாடியைப் பார்க்கலாம், இரண்டு நிபந்தனை என்றார். முதலாவது, பால்கனியிலிருந்து துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிய வேண்டும். இரண்டாவது, பழைய வீட்டை விற்கக் கூடாது. "கூடிசனைப் பொண்ணுங்களுக்குக் கொடுத்தாங்க இல்ல? நம்ம வீட்டுக் கீழ்த்தளத்தை உன் அத்தை மகளுக்குக் கொடுத்துடலாம். டியூஷன் நடத்த இடமில்லாம அல்லாடுறா. மேசை நாற்காலிதானே, தண்ணி வந்தா மாடிக்கு ஏத்திடலாம்." விற்கவில்லையென்றால் முன்பணம் குறையும், தவணை ஏறும் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பின்னாலிருந்து, "சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு" என்றார். சரி என்றேன். எட்டாவது மாடியில் கிடைத்தது. எட்டித்தான் பார்க்க வேண்டும், ஆனால் பாரந்தூக்கி தெரிகிறது.

புது அரங்கத்தின் பெயர் ஹில் டிக்கின்சன். கப்பல் வழக்குகளில் பெயர் பெற்ற லிவர்பூல் சட்ட நிறுவனம். சிங்கப்பூரிலும் அலுவலகம் உண்டு. 52,000க்கு மேல் இருக்கைகள். தெற்குப் பக்கம் மட்டும் 13,000 பேர் ஒரே சரிவில், சுவர் மாதிரி. முதல் லீக் ஆட்டம் ஆகஸ்டு 24. கூடிசன் திறந்ததும் 1892இல் இதே ஆகஸ்டு 24! பிரைட்டனை 2-0 என்று வென்றார்கள். கூடிசனில் கடைசி கோல் அடித்த அதே நிடியாய் இங்கே முதல் கோலையும் அடித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பக்கத்து ரயில் நிலையத்தில் ஆட்டம் முடிந்தால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, வண்டி நிறுத்த இடமில்லை, கடன் பல பத்தாண்டு ஓடும். நிரம்பி வழியும் அரங்கமும் கோல் அடிக்காது.

நம் ஊரிலும் இதே பாடம் நடக்கிறது. 1994இல் திறந்த, 80,000 பேர் கொள்ளும் ஷா ஆலம் அரங்கத்தை 2024இல் இடிக்கத் தொடங்கினார்கள். புதியது 45,000 பேருக்கு. ரொக்கத்துக்குப் பதில் நிலம் கொடுத்து மேம்பாட்டு நிறுவனத்தைக் கட்டச் செய்யும் முறை. சிலாங்கூர் குழு அதுவரை பெட்டாலிங் ஜெயாவில் ஆடுகிறது. 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த காலத்திலிருந்து சிலாங்கூரைப் பின்தொடர்கிற அப்பா, அது முடிவதற்குள் எத்தனை வருடம் என்று என்னிடம் கேட்கிறார். தேதி சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று என் கணவரும் அப்பாவும் பால்கனியில் நின்றிருந்தார்கள். கணவர் மான்செஸ்டர் யுனைடெட். ஓல்டு டிராஃபோர்டு பக்கத்தில் 100,000 இருக்கையோடு, 2 பில்லியன் பவுண்டில் புது அரங்கம் கட்டப் போவதாக அவர்கள் குழு மார்ச் மாதம் அறிவித்ததை அவர் பெருமையாக விவரித்துக்கொண்டிருந்தார். ஐந்தே ஆண்டில் முடித்துவிடுவார்களாம், மாமா.

அப்பா பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டே முழுவதும் கேட்டார். "பக்கத்துல ஒரு சரக்கு ரயில் முனையம் இருக்குதாமே, மாப்பிள்ளை. அந்த நிலம் யாரோடது? முதல்ல அதைக் கேட்டுச் சொல்லுங்க."